நெடும்பலகையும் குறும்பலகையும்

பர்கூரிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் கடந்து பெங்களூரை அடைகிறது. இச்சாலையின் இருமருங்கிலும் வாழும் மாணவர்கள் மார்கழித் திங்களில் கொல்லைகளின்மேல் படரும் மூடுபனியை நன்கு அறிவர். ஆனால் இமயத்தின் சரிவுகளில் ஆளுயரத்திற்குக் குவிந்து கிடக்கும் வெண்பனியை இம்மண்ணில் எவரும் கண்டதில்லை. அவ்வாறிருக்க, வெண்பனியின்மேல் சறுக்கிச் செல்வதற்குக் காலில் கட்டிக்கொள்ளும் பலகையைப் பற்றியும், அப்பலகை நீண்டதாக இருத்தல் நன்றா, குறுகியதாக இருத்தல் நன்றா என்பதைப் பற்றியும் இப்பகுதி மாணவர்கள் ஏன் கேட்க வேண்டும்?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இவ்வினாவின் உள்ளே ஓர் எளிய இயற்கை விதியும், அதைச் சுற்றி ஐயாயிரம் ஆண்டு மனித வரலாறும் அடங்கியிருக்கின்றன என்பது ஒன்று. வெண்பனியையே கண்டறியாத தென்னாட்டு வீரர்களும் ஒருகால் இவ்வரலாற்றுக்கு அருகில் சென்று நின்றார்கள் என்பது மற்றொன்று.

முதலில் இயற்கை விதியைக் காண்போம். நாற்று நடுவதற்கு முன் நம் உழவர்கள் சேற்று வயலில் பரம்பு அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எருதுகள் இழுத்துச் செல்லும் நீண்ட பலகையின்மேல் உழவர் நிமிர்ந்து நிற்கிறார். அவர் அப்பலகையை விட்டு இறங்கினால் முழங்கால் வரையில் சேற்றில் புதைகிறார். பலகையின்மேல் நிற்கும்போதோ புதைவதில்லை. அவருடைய எடை குறைந்துவிடவில்லை. அவ்வெடை தங்கும் பரப்புத்தான் விரிந்திருக்கிறது. பனிச்சறுக்குப் பலகையின் அடிப்படையும் இதுவே. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் இரு பாதங்களும் ஏறத்தாழ 450 சதுர சென்டிமீட்டர் பரப்புடையவை எனக் கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 130 கிராமுக்கு மேல் சுமக்கிறது. அவரே 200 சென்டிமீட்டர் நீளமும் 8 சென்டிமீட்டர் அகலமும் உள்ள இரு பலகைகளின்மேல் நின்றால், அதே பரப்பின்மேல் விழும் சுமை 19 கிராமுக்குள் அடங்கிவிடுகிறது. அதாவது ஏழில் ஒரு பங்காகிறது. பலகை நீள நீளச் சுமை குறையும். பனியில் புதைவதும் குறையும்.

நீளத்திற்கு வேறு இரு சிறப்புக்களும் உண்டு. நீண்ட பலகை சிறு குழிகளையும் மேடுகளையும் பாலம் போலத் தாண்டிவிடும்; குறும்பலகை ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி அதிரும். நேராக விரையும்போது நீண்ட பலகை தடம் மாறாமல் செல்லும். குறும்பலகை இப்படியும் அப்படியும் அலைபாயும். ஆனால் இச்சிறப்புக்களுக்கு விலை ஒன்று கொடுத்தாக வேண்டும். கற்பாளங்களை ஏற்றிக்கொண்டு நம் சாலைகளில் செல்லும் நீண்ட லாரி நேர்வழியில் அசையாமல் ஓடுகிறது. அதுவே ஒரு குறுகிய தெருமுனையில் திரும்ப வேண்டுமாயின், ஓட்டுநர் முன்னும் பின்னுமாக எத்தனை முறை முயல வேண்டியிருக்கிறது! சிறு வண்டியோ நொடியில் திரும்பிவிடுகிறது. நெடும்பலகையின் குறையும் இதுவே. அது எளிதில் திரும்பாது. கற்கத் தொடங்குவோனுக்கு அடங்காது.

நேராகச் செல்வதா, எளிதில் திரும்புவதா? இவ்விரு தேவைகளுக்கும் இடையே நடந்த போராட்டமே பனிச்சறுக்குப் பலகையின் வரலாறு எனலாம்.

இப்பலகை விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. வடநாட்டுக் குளிர்ப் பகுதிகளில் வேட்டையாடவும், ஊர்விட்டு ஊர் செல்லவும் மக்கள் அதனைப் படைத்துக்கொண்டனர். சுவீடன் நாட்டில் கால்வ்திரெஸ்க் என்னும் இடத்தில் 1924ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட பலகை ஏறத்தாழ 5,200 ஆண்டுப் பழமையுடையது. அதன் நீளம் 204 சென்டிமீட்டர். நார்வே நாட்டின் திகெர்வார்தன் மலையில் பனிக்கட்டி உருகியபோது 2014இல் ஒரு பலகையும், 2021இல் அதன் இணையும் வெளிப்பட்டன. ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் அவை பனிக்குள் கிடந்தன. பின்னர்க் கிடைத்த பலகை 187 சென்டிமீட்டர் நீளமும் 17 சென்டிமீட்டர் அகலமும் உடையது. இரண்டும் ஒரே அளவின அல்ல என்பது குறிக்கத்தக்கது.

பண்டை நார்வே மக்களுள் சிலர் இரு தேவைகளையும் இரு கால்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தனர் என்பது இன்னும் சுவையான செய்தி. இடக்காலில் மிக நீண்ட பலகையையும், வலக்காலில் அடியில் விலங்குத்தோல் பொருத்திய குறும்பலகையையும் அவர்கள் கட்டிக்கொண்டனர். குறும்பலகையால் பனியை உந்தித் தள்ளுவர். நெடும்பலகையின்மேல் வழுக்கிச் செல்வர். நார்வேயின் பனிப்படை வீரர்களும் பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தகைய இணையைப் பயன்படுத்தினர். எது சிறந்தது என்று அவர்கள் வழக்காடவில்லை. எந்தக் காலுக்கு எந்த வேலை என்றே கேட்டனர்.

நீளத்தின் பெருமை உச்சத்தை எட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியா மலைகளில். அங்கே பொன் தேடிச் சென்ற மக்கள் பனிக்காலத்தில் வெளியுலகத் தொடர்பற்றுத் தவித்தனர். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜான் தாம்சன் என்பவர் 1856 முதல் 1876 வரையில், இருபது குளிர்காலங்கள், சியரா நெவாடா மலையைக் கடந்து தபால் சுமந்து சென்றார். ஏறத்தாழ 90 மைல் வழி; போவதற்கு மூன்று நாள், திரும்புவதற்கு இரண்டு நாள். அவர் காலில் கட்டியிருந்த பலகைகள் சுமார் 10 அடி நீளமுள்ளவை. அக்காலத்தில் அம்மலைகளில் பொன் தோண்டியவர்கள் ஓய்வுநாட்களில் ஓட்டப்பந்தயங்களும் நடத்தினர். அவர்கள் கட்டிய பலகைகள் 12 அடியையும் தாண்டின. சரிவின் உச்சியிலிருந்து அடிவாரம் வரையில் ஒரே நேர்க்கோட்டில் பாய்வதே அவர்களுடைய பந்தயம். அதில் திரும்புவது என்ற பேச்சே இல்லை. ஆதலின் பலகை எவ்வளவு நீளமோ அவ்வளவு நன்று என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் எல்லா மலைகளும் நேர்க்கோட்டுக்கு இடம் கொடுப்பதில்லை. நார்வேயின் தெலமார்க் பகுதியில் வாழ்ந்த ஏழை உழவர் சோந்திரே நூர்ஹைம் என்பவர், நடுப்பகுதி சற்றே ஒடுங்கிய, முன்னையவற்றினும் குட்டையான பலகைகளைச் செய்தார். மரக்கொடியை முறுக்கிக் குதிகாலையும் பலகையோடு பிணைத்தார். 1868ஆம் ஆண்டு, இன்று ஆஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியா நகரப் போட்டியில் அவர் வளைந்தும் நின்றும் காட்டிய திறம் அனைவரையும் கவர்ந்தது. அவரினும் ஒருபடி மேலே சென்றவர் ஆஸ்திரிய நாட்டு மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி. லிலியன்ஃபெல்ட் என்னும் ஊரை அடுத்து வாழ்ந்த அவர், நார்வேயிலிருந்து வரவழைத்த நெடும்பலகைகள் ஆல்ப்ஸ் மலையின் செங்குத்தான சரிவுகளுக்குப் பொருந்தா எனக் கண்டு, அவற்றின் நீளத்தைக் குறைத்தார். மரபைப் போற்றியோர் அவரை எள்ளி நகையாடினர். அவர் சொல்லால் மறுக்காமல் செயலால் மறுத்தார். 1905 மார்ச்சு 19ஆம் நாள், முக்கன்கோகல் மலைச்சரிவில் கொடிக்கம்புகளை நட்டு, அவற்றினூடே வளைந்து வளைந்து இறங்கும் போட்டி ஒன்றை நடத்தினார். இன்று சிலாலம் எனப்படும் வளைவோட்டத்தின் முன்னோடியாக வரலாற்றாசிரியர்கள் அதனைக் கருதுகின்றனர்.

இந்நிலையில் நம் நாட்டிற்கு வருவோம். காஷ்மீரத்தின் குல்மார்க்கில் ஆங்கில அதிகாரிகள் 1927இல் இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தைத் தொடங்கினர். அன்று அது பொழுதுபோக்கு. இருபத்தோராண்டுகளுக்குப் பின் அதுவே நாட்டின் பாதுகாப்பைப் பற்றிய செய்தியாயிற்று.

1948ஆம் ஆண்டு லடாக்குக்குச் செல்லும் வாயிலான சோஜிலாக் கணவாய், 11,500 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், எதிரிகள் வசம் இருந்தது. செப்டம்பரில் காலாட்படையினர் செய்த முயற்சிகள் பயனளிக்கவில்லை. குளிர்காலம் முற்றிவிட்டால் லடாக்கின் தொடர்பு அறவே அற்றுப்போகும் என்ற நிலை. அப்போதுதான் அவ்வுயரத்திற்குப் பீரங்கி வண்டிகளைக் கொண்டுசெல்வது என்ற துணிவான முடிவு எடுக்கப்பட்டது. கோவேறு கழுதைகள் செல்லும் ஒற்றையடிப் பாதையை வண்டி செல்லும் வழியாக அகலப்படுத்திக் கொடுத்தவர்கள் யார்? பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் பொறியாளர் படைப்பிரிவினர். இராணுவம் முழுவதும் 'தம்பி' என்று அன்போடு அழைக்கும் தென்னாட்டு வீரர்கள். நவம்பர் முதல் நாள் பீரங்கி வண்டிகள் கணவாயில் நுழைந்தன, சோஜிலா மீட்கப்பட்டது.

அப்படையெடுப்பை நடத்திய தளபதி, பர்கூருக்கு அப்பால் கன்னட நாட்டின் மேற்குக் கோடியிலுள்ள குடகைச் சேர்ந்த திம்மையா. வெண்பனியில் போர் புரிய வெண்பனியில் நடக்கத் தெரிய வேண்டும் என்பது அவ்வாண்டு கற்பித்த பாடம். 1939ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலப் போரில் பின்லாந்தின் சிறிய படை, நீண்ட மரப்பலகைகளின்மேல் காடுகளினூடே விரைந்து, தன்னினும் பன்மடங்கு பெரிய சோவியத் படையை மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தியதை உலகம் கண்டிருந்தது. 1948 டிசம்பரில் திம்மையாவின் 19ஆம் காலாட்படைப் பிரிவு குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பள்ளி ஒன்றை நிறுவியது. 1962இல் அது உயர்மலைப் போர்ப்பள்ளி என்ற பெயர் பெற்று, இன்றும் அங்கேயே நடைபெறுகிறது.

முதுகில் சுமையோடும் தோளில் துப்பாக்கியோடும் செல்லும் வீரன், எவர் காலடியும் படாத புதுப்பனியில் புதையாமல் செல்ல வேண்டியவன். அவனுக்குப் பலகையின் பரப்பு உயிர் காக்கும் பொருள். அதே வீரன் மரங்கள் நெருங்கிய செங்குத்தான சரிவில் திரும்ப இயலாமற்போனாலும் உயிருக்கு இடர். எனவே நீளத்தைப் பற்றிய வினா, அவனுக்கு வெறும் விருப்பு வெறுப்பைப் பற்றியதன்று.

ஆனால் விளையாட்டு உலகில் விருப்பும் வெறுப்பும் மேலோங்கின. கையைத் தலைக்குமேல் உயர்த்தினால் பலகையின் நுனி மணிக்கட்டைத் தொட வேண்டும் என்பது நெடுங்காலம் அங்கே வழங்கிய அளவு. நடுத்தர உயரமுள்ள ஆணுக்கு இவ்வளவின்படி இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட பலகை தேவையாயிற்று. நெடும்பலகையை அடக்கி ஆள்பவனே தேர்ந்தவன். குறும்பலகை பிள்ளைகளுக்கும் அஞ்சுபவர்களுக்கும் உரியது என்ற எண்ணம் வேரூன்றியது. இயற்கை விதியில் பிறந்த ஒரு பயன், நாளடைவில் பெருமையின் அடையாளமாக மாறிவிட்டது. இதனால் துன்புற்றோர் புதிதாகக் கற்க வந்தவர்களே. தம் வலிமைக்கு மீறிய பலகைகளோடு மல்லாடி, பலகாலும் விழுந்து, மனம் தளர்ந்து திரும்பியோர் பலர்.

அமெரிக்காவில் கிளிஃப் டெய்லர் என்ற ஆசிரியர் இதற்கு ஒரு வழி கண்டார். கற்போருக்கு முதலில் மூன்றடிப் பலகை கொடுப்பது. அது பழகியதும் சற்று நீண்டது. பின்னர் அதனினும் நீண்டது. 1960களில் பரவிய இம்முறைக்கு 'படிப்படி நீள முறை' என்று பெயர். முதல் நாளிலேயே மாணவர் திரும்பக் கற்றுக்கொண்டனர். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். குறும்பலகையை ஆதரித்த இம்முறையும் அதனை ஓர் ஏணிப்படியாகவே கொண்டது. ஏணியின் உச்சியில் வீற்றிருந்தது நெடும்பலகைதான்!

அந்த அரியணையை அசைத்தது கூர்மையான வடிவக் கணக்கு. பலகையின் இரு பக்க ஓரங்களும் நேர்க்கோடாக இல்லாமல் உள்நோக்கி வளைந்திருந்தால் என்ன ஆகும்? பலகையைச் சாய்க்கும்போது அவ்வளைந்த ஓரம் பனியில் பதிந்து, பலகை வில்போல் வளைந்து, தானே ஒரு வட்டப்பாதையில் செல்லும். ஓரம் எவ்வளவு வளைகிறதோ, வட்டம் அவ்வளவு சிறிதாகும். நூர்ஹைமின் காலத்திலேயே தெரிந்த இவ்வுண்மையைத் துணிந்து முழு அளவில் பயன்படுத்தியவர்கள் சுலோவேனிய நாட்டில் ஏலான் தொழிற்சாலையின் பொறியாளர்கள். 1993இல் அவர்களுடைய புதுவடிவப் பலகை விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் உலகமே மாறிற்று. உறுதியான செயற்கை இழைகளும் உலோகத் தகடுகளும் சேர்ந்து, முன்பு நீளம் மட்டுமே தந்த உறுதியைக் குறும்பலகைக்கும் தந்தன. 1980களில் இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட பலகைகளோடு சிலாலம் ஓடிய ஆடவர், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதனினும் 40 சென்டிமீட்டர் குறைந்தவற்றோடு ஓடலாயினர்.

இங்கே வரலாறு ஒரு வேடிக்கை செய்தது. குறும்பலகை வெற்றி தரும் என்று கண்டவுடன், ஓட்டக்காரர்கள் மேன்மேலும் குறைத்துக்கொண்டே போயினர். இதற்குமேல் குறைக்கலாகாது என்று அனைத்துலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு விதி செய்ய நேர்ந்தது. சிலாலம் ஓட்டத்தில் ஆடவர்க்கு 165 சென்டிமீட்டரும் மகளிர்க்கு 155 சென்டிமீட்டரும் கீழெல்லை ஆயின. பெருவளைவோட்டத்தில் மிகவும் வளைந்த ஓரமுள்ள பலகை பனியை இறுகப் பற்றிக்கொள்வதால் முழங்கால் திருகிக் காயமடைவோர் தொகை கவலை அளித்தது. 2012ஆம் ஆண்டுப் பருவத்தில் கூட்டமைப்பு, ஆடவர் பலகையின் வளைவு ஆரத்தை 27 மீட்டரிலிருந்து 35 மீட்டராக உயர்த்தி, பலகையையும் நீட்டச் செய்தது. ஓட்டக்காரர்கள் பலர் மறுப்புத் தெரிவித்தனர். 2017இல் அது 30 மீட்டராகத் தளர்த்தப்பட்டது. ஒருகாலத்தில் பெருமைக்காக நீண்ட பலகை, பின்னொருகாலத்தில் பாதுகாப்புக்காக நீண்டது.

அப்படியானால் நெடும்பலகையின் காலம் முடிந்துவிட்டதா? இல்லை. வேகமே குறிக்கோளான இடங்களில் அது இன்றும் முடிசூடி நிற்கிறது. மலையுச்சியிலிருந்து விரைந்திறங்கும் ஓட்டத்தில் ஆடவர் பலகை 218 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது. 2023இல் பிரெஞ்சு நாட்டு வார் மலையில் சிமோன் பில்லி மணிக்கு 255.5 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து உலகச் சாதனை நிகழ்த்தினார். அத்தகைய வேக ஓட்டத்தின் பலகை ஏறத்தாழ 240 சென்டிமீட்டர். சமவெளியில் நெடுந்தொலைவு செல்லும் ஓட்டத்திலும் நேர்த்தடத்தில் செல்வோர் நீண்ட பலகையையும், பக்கவாட்டில் உந்திச் செல்வோர் சற்றுக் குறைந்ததையும் கொள்கின்றனர். இவ்வகை நெடுந்தொலைவு ஓட்டத்தில், குல்மார்க்கில் நடைபெறும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுக்களில் தங்கம் வென்றவர்களுள் ஒருவர், திம்மையா பிறந்த குடகிலிருந்து சென்ற பவானி தெக்கடா நஞ்சுண்டா.

இவை அனைத்திற்கும் தெளிவான எடுத்துக்காட்டு ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. 2022 பிப்ரவரியில் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து சென்ற ஒரே வீரர் ஆரிஃப் கான். குல்மார்க் சரிவுகளில் சறுக்கக் கற்றவர். 13ஆம் நாள் பெருவளைவோட்டத்தில் கலந்துகொண்டு 45ஆம் இடம் பெற்றார். 16ஆம் நாள் சிலாலத்தில் இறங்கினார். அதில் ஓட்டத்தை நிறைவு செய்ய இயலவில்லை. முதல் ஓட்டத்தின் விதி 193 சென்டிமீட்டருக்குக் குறையாத பலகையைக் கேட்டது. இரண்டாவது, 165 சென்டிமீட்டரையே போதுமென்றது. ஒரே மனிதர், மூன்று நாள் இடைவெளி, ஆயினும் இரு பலகைகளின் கீழெல்லைகளுக்கிடையே ஏறத்தாழ ஓரடி வேறுபாடு.

மாணவர்களே, பெரியது சிறந்தது என்று கொள்வதும், புதியது சிறந்தது என்று கொள்வதும் சிந்தனையைத் தவிர்க்க மனிதன் கண்ட இரு குறுக்கு வழிகள். கலிபோர்னியாவின் பன்னிரண்டடிப் பலகை மூடத்தனம் அன்று. நேராக இறங்குவோனுக்கு அது அறிவு. ஸ்தார்ஸ்கியின் குறும்பலகையும் கோழைத்தனம் அன்று. ஆல்ப்ஸ் சரிவுக்கு அதுவே அறிவு. ஒரு கருவி தான் செய்யும் வேலையால் மதிக்கப்படும் வரையில் மனிதனுக்குத் துணை செய்கிறது. வேலை மறந்து அளவு மட்டும் மதிக்கப்படும்போதோ, கற்க வருபவனைத் தடுக்கும் சுவராகிவிடுகிறது. நாளை உங்களுள் பலர் ஓசூரிலும் பெங்களூரிலும் உள்ள தொழிற்சாலைகளில் கருவிகளை வடிவமைக்கும் பொறுப்பை ஏற்பீர்கள். அப்போது ஓர் அளவு உங்கள் முன் வந்து, 'நெடுங்காலமாக நான் இப்படித்தான்' என்று சொல்லுமாயின், 'எந்தச் சரிவுக்காக?' என்று அதனிடம் கேளுங்கள்.